பயறும் இறைச்சியும் சேர்ந்த கெட்டிக் குழம்பு

ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் சேர்த்து 250 கிராம் எடுத்து, 1 லிட்டர் நீரில் 2 டீஸ்பூன் உப்பிட்டு 10 மணி நேரம் ஊறவிடுங்கள். உப்பு தோலை மிருதுவாக்கும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ராஜ்மாவில் வாந்தி, பேதி உண்டாக்கும் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது. சிறுதீயில் மட்டும் வேகவைத்தால் அது அழியாது. இந்தப் படியை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

எலும்போடு கூடிய ஆட்டிறைச்சி 500 கிராமை இரண்டு பங்காகப் பிரித்து எண்ணெயில் சிவக்க வறுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நீர் விட்டுக்கொண்டு வெந்துவிடும், சிவக்காது. அதே எண்ணெயில் 2 வெங்காயம், 6 பல் பூண்டு, 2 டீஸ்பூன் மிளகாய்த்தூள் வதக்கி, எல்லாவற்றையும் சேர்த்து, மூழ்கும் அளவு நீரில் ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் வைக்கவும்.

தக்காளியை, பயறு விரலில் நசுங்கிய பிறகே போடுங்கள். புளிப்பு முந்தினால் பயறு வேக வெகுநேரம் பிடிக்கும்.