நம்பை அணிகளின் வடிவப் பிழையைக் கண்டறிவது எப்படி

பைத்தான் நிரல்மொழியில் எண் அணிகளைக் கையாளும் நம்பை நூலகத்தில் இரண்டு அணிகளைக் கழிக்கும்போது வடிவம் பொருந்தவில்லை என்ற பிழை வந்தால், சூத்திரத்தில் கைவைப்பதற்கு முன், பிழை காட்டும் வரிக்கு மேலேயே இரு அணிகளின் ஷேப் மதிப்புகளையும் (அதாவது வடிவத்தைக் காட்டும் எண்களையும்) அச்சிட்டுப் பாருங்கள். நம்பை அவற்றை வலது ஓரத்திலிருந்து ஒப்பிடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் இரு எண்களும் சமமாக இருக்க வேண்டும், அல்லது அவற்றில் ஒன்று 1 ஆக இருக்க வேண்டும்.

4 மாணவர்கள் 3 பாடங்களில் பெற்ற மதிப்பெண்கள் (4, 3) வடிவ அணியில், அதாவது 4 வரிசைகளிலும் 3 நெடுவரிசைகளிலும், உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு மாணவரின் சராசரியையும் ஆக்சிஸ் 1 வழியாக, அதாவது வரிசை வரிசையாக, கணக்கிட்டால் (4,) வடிவமே, அதாவது 4 எண்களின் வெறும் பட்டியலே, கிடைக்கும். அதை மதிப்பெண்களிலிருந்து கழிக்க முயன்றால், வலது ஓரத்தில் 3-உம் 4-உம் பொருந்தாமல் பிழை எழுகிறது. சராசரி எடுக்கும்போதே பரிமாணத்தை நீக்காமல் வைத்திருக்கும் கீப்டிம்ஸ் என்ற விருப்பத்தை ட்ரூ எனக் கொடுத்தால் வடிவம் (4, 1) ஆகி, கழித்தல் சரியாக நடக்கும். பிழையை அடக்குவதற்காக மதிப்பெண் அணியை (3, 4) என ரீஷேப் செய்யாதீர்கள். ஒருவரின் மதிப்பெண் இன்னொருவரின் இடத்துக்குப் போய்விடும்.

பிழை வருவதைவிட, வராமல் இருப்பதே எனக்குப் பெருங்கவலை. மாணவர்கள் 3 பேராக இருந்தால், அதே தவறான நிரல் எந்த எச்சரிக்கையுமின்றி ஓடி, முதல் மாணவரின் சராசரியை எல்லோருடைய முதல் பாட மதிப்பெண்ணிலிருந்தும் கழித்துவிடும். ஆகவே, சோதனைத் தரவில் வரிசைகளின் எண்ணிக்கையும் நெடுவரிசைகளின் எண்ணிக்கையும் எப்போதும் வேறுபட்டிருக்கட்டும்.