பங்குனியில் கட்டிலை நகர்த்துங்கள்

பங்குனி பிறந்தால் எனக்கு வீட்டில் இருப்பே கொள்ளாது. வேப்பமரம் பூத்துக் கொட்டுகிறது, மதுரை வெயில் பதினோரு மணிக்கே சுள்ளென்று ஏறுகிறது, ராத்திரித் தூக்கமும் சரியாக இல்லை. ஊரை மாற்ற முடியாது. சரி, கட்டிலையாவது மாற்றலாமே?

மேற்குச் சுவரை ஒட்டிப் படுப்பவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு அதில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். சாயங்கால வெயிலைக் குடித்த செங்கல் அந்தச் சூட்டை ராத்திரியில்தான் மெல்ல உள்ளே விடும். கட்டிலைக் கிழக்கு அல்லது வடக்குப் பக்கம் நகர்த்துங்கள், சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி. அடியில் கிடக்கும் தூசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் காணாமல் போன தோட்டுத் திருகாணி அங்கேதான் கிடைத்தது!

அப்புறம் அந்த வேப்பம்பூ. சாயங்காலம் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டால், காலையில் மண் ஒட்டாமல் அள்ளலாம். நிழலில் காயவைத்து, நெய்யில் வறுத்து, ரசத்தை இறக்கியபின் போடுங்கள். கொதிக்கவிட்டால் கசப்பு தூக்கும்.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்கள் அரை மணி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் அங்கே நடப்பது வேலைக்காகாது.