கறவை மாடு வாங்கும்போது மடியைக் கையால் பாருங்கள்

ஈரோடு கருங்கல்பாளையமோ பொள்ளாச்சியோ, எந்தச் சந்தையானாலும் கறவை மாட்டின் மடி புடைத்திருப்பதைப் பார்த்து மட்டும் விலை பேசாதீர்கள். முந்தின வேளை கறக்காமல் விட்டு ஓட்டி வந்தாலே எந்த மடியும் பெரிதாகத்தான் தெரியும்.

பால் கறந்து காட்டச் சொல்லுங்கள். கறந்த பிறகு மடி துணிப்பை மாதிரி சுருங்கித் தொங்க வேண்டும். அப்போதும் கெட்டியாகவே இருந்தால் அது பால் மடி இல்லை, சதை மடி. அப்புறம் நான்கு காம்பையும் நீங்களே பீய்ச்சிப் பாருங்கள், ஒன்றைக்கூட விடாமல். முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரியோ கட்டியோ பளிச்சென்று தெரியும். அப்படி வந்தாலோ, ஒரு காம்பு மட்டும் சூடாக இருந்தாலோ மடிநோய்தான். எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த மாடு வேண்டாம்.

வயதுக்குப் பல். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கீழே பார்த்தால் போதும். பால்பல் விழுந்து எட்டும் நிலைப்பல்லாக முளைத்திருந்தால் நாலரை, ஐந்து வயதைத் தொட்டிருக்கும். பல் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால் கிழடு. கன்று எத்தனையாவது ஈத்து என்று சொல்வதை இதோடு ஒத்துப் பாருங்கள்.

சினை என்று சொல்லி விலை ஏற்றினால், கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லும்வரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மற்ற மாடுகளோடு கட்ட வேண்டாம். மூன்று வாரம் தனியாக, தண்ணீர்த் தொட்டியும் தனியாக.