குரூப் ஷோ போடப் போறீங்களா? மொதல்ல அளவு டேப்பை எடுங்க

பாளையங்கோட்டைல அஞ்சு பேர் சேந்து ஒரு ஷோ போட்டோம், ரெண்டு பேரு அப்ஸ்ட்ராக்ட் பெயிண்டிங், மூணு பேரு போட்டோ. அதுலேருந்து நாங்களும் போடணும் எப்படின்னு நெறய பேர் கேக்காவ, அதான் ஒரேடியா எழுதிருதேன்.

படம் எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சொவரை அளங்க. 40க்கு 25 அடி ஹால்னா சுத்தளவு 130 அடி, வாசல் ஜன்னல் எல்லாம் போக ஒரு 90 அடி தேறும். ரெண்டடி அகலப் படம், பக்கத்துல ரெண்டடி வெறுஞ்சொவரு, ஆக 22 படம், அவ்வளவுதான். ஆளுக்குப் பத்துன்னு தூக்கிட்டு வந்தா பாத்திரக்கடை மாதிரி ஆயிரும். அப்ஸ்ட்ராக்ட்ல ஆளும் இல்ல கதையும் இல்ல, கண்ணு நெறத்துல நிக்கணும்னா பக்கத்துல வேற எதுவும் இழுக்கக் கூடாது.

அடுத்தது அடுக்குறது, இங்கதான் நேரம் செலவழிக்கணும். பெயிண்டிங் ஒரு பக்கம் போட்டோ ஒரு பக்கம்னு பிரிச்சிராதீங்க. நாங்க மொதல்ல தரையில அப்படித்தான் பரப்பிப் பாத்தோம், ரெண்டு கல்யாண வீட்டுக்காரங்க தனித்தனியா உக்காந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் கலச்சோம். திசையன்விளை பக்கம் தேரி மண்ணை, அதான் அந்தச் செம்மணலை, வானமே தெரியாம கிட்டத்துல எடுத்த போட்டோவை ஒரு பெரிய செவப்பு பெயிண்டிங் பக்கத்துல வச்சோம், எது மண்ணு எது பெயிண்ட்னு கிட்ட போனாத்தான் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்துல நம்ம திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைல ஒரு சொவத்துல தண்ணி நின்ன கறை, அந்தப் போட்டோ பக்கத்துல சாம்பல் நெறத்துல குறுக்க ஒரே ஒரு கோடு ஓடுற கேன்வாஸ். ஒரு அண்ணாச்சி கேன்வாஸைப் பாத்து "என்னடே இது, ஒண்ணும் வெளங்கல"ன்னாவ, அப்படியே போட்டோவைப் பாத்துட்டு "ஏ, இது வெள்ளம் நின்ன மட்டம்லா"ன்னு திரும்ப கேன்வாஸுக்கு வந்து பேசாம நின்னுட்டாவ. அதனால படத்துக்குக் கீழ விளக்கம் எழுதாதீங்க, பேரு, அளவு, எதுல பண்ணுனது, வருஷம், போதும்.

மாட்டுற உயரம். படத்தோட மேல் விளிம்ப ஒண்ணா வச்சு மாட்டுனா சின்னப் படமெல்லாம் மேல தொங்கும், நடுவத்தான் ஒண்ணாக்கணும். தரைலேருந்து படத்தோட நடுவு 57 அங்குலம். ஆணி எங்கன்னா, படம் 24 அங்குல உயரம்னா பாதி 12, பின்னாடி கம்பிய இழுத்துப் பிடிச்சா மேல் விளிம்புலேருந்து 3 அங்குலம் கீழ நிக்குன்னு வைங்க, 12ல 3 போனா 9, ஆணி 66 அங்குலத்துல. ஒவ்வொண்ணுக்கும் கணக்கு போட்டு பென்சில் புள்ளி வைங்க, கண்ணால பாத்து அடிச்சா சொவரு சல்லடையாயிரும்.

கண்ணாடி போட்ட போட்டோவை ஜன்னலுக்கு நேரெதிர மாட்டிராதீங்க, பாக்கவன் மொகம்தான் தெரியும். பளபளப்பு இல்லாத மேட் பேப்பர்ல பிரிண்ட் போட்டா கொஞ்சம் பரவால்ல. லைட்டு மேலருந்து சாய்ச்சு, நேர் கீழ்கோட்டுலேருந்து 30 டிகிரி வாக்குல விழணும். ஹால் டியூப்லைட்டை மட்டும் நம்புனா செவப்பெல்லாம் செத்துப்போவும்.

பிரிண்டுக்கு ஃபைல் வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, சுருக்கிரும். எங்கள்ல ஒருத்தன் அப்படி அனுப்பி 18 அங்குலத்துக்குப் பிரிண்ட் வந்தப்போ கட்டம் கட்டமா இருந்துச்சு, கடைக்காரரைத் திட்டி என்ன பண்ண, தப்பு நம்ம மேல. 12க்கு 18 அங்குலம் 300 டிபிஐல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேணும்னா 3600க்கு 5400 பிக்சல், அதைப் பாத்துட்டு டாக்குமெண்டா அனுப்புங்க.

ஐப்பசி கார்த்திகைல வைக்காதீங்க, மழைல சொவரு ஓதமடிச்சு பேப்பர் நெளியும். முடிச்சுட்டுக் கழட்டும்போது ஆணி ஓட்டைய ஒயிட் சிமெண்ட் வச்சு அடைச்சுட்டு சாவியக் குடுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் அந்த ஹால் கெடைக்காது.