வீட்டு காண்ட்ராக்ட், பிளான் அப்ரூவல், ஜி.எஸ்.டி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்ற நகரங்களில் வீடு கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் பேரம் பேசுகிறார்கள்: சதுர அடிக்கு எவ்வளவு? அந்த எண்ணுக்குள் எதெல்லாம் அடங்கும், எந்தக் கட்டணத்தை யார் கட்டுவது, எந்தத் தாள் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதைப் பேசுவதே இல்லை. பணம் கரைவது அங்கேதான்.

"காண்ட்ராக்டரிடம் லைசென்ஸ் இருக்கிறது" என்று நம்புவது

தமிழ்நாட்டில் தனியார் வீடு கட்டித்தர காண்ட்ராக்டருக்கென்று மாநில அரசு தேர்வு வைத்து உரிமம் கொடுப்பதில்லை. பலர் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும் 'முதல் வகுப்பு ஒப்பந்ததாரர்' என்பது பொதுப்பணித்துறை போன்ற அரசுத் துறைகளில் டெண்டர் போடுவதற்கான பதிவு. எந்த வகுப்பில் இருக்கிறாரோ அதற்கேற்ற மதிப்புள்ள அரசு வேலையை எடுக்கலாம் என்பதுதான் அதன் பொருள். உங்கள் வீட்டு கான்கிரீட்டின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பதிவு தேவைப்படுவது வரைபடத்தில் கையெழுத்திடுபவருக்கு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி அவர் கட்டடக் கலைஞராகவோ பதிவு பெற்ற பொறியாளராகவோ இருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இன்றைய தேதியில் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். வேலை எடுப்பவர் ஒருவர், கையெழுத்துக்கு மட்டும் இன்னொரு பொறியாளர் என்ற ஏற்பாட்டில், சென்ட்ரிங் கம்பியை யாரும் வந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு கான்கிரீட் போடுவதற்கு முன்பும் அவர் நேரில் வந்து கம்பியைச் சரிபார்ப்பாரா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வீட்டு வேலையில் உரிமம் கட்டாயமான ஓர் ஆள் உண்டு: வயரிங் செய்யும் எலெக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர். அவருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும்.

அனுமதிக்கு முன் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது

வாஸ்து நாள் தப்பிவிடும் என்று அனுமதி வருமுன்னே வேலையைத் தொடங்குகிறார்கள். பூஜையை அந்த நாளில் தாராளமாகப் போடலாம். வானம் தோண்டுவது அனுமதி கைக்கு வந்த பிறகு இருக்கட்டும். அனுமதியில்லாமல் தூண் எழும்பிய இடத்துக்கு மாநகராட்சி வேலை நிறுத்த நோட்டீஸ் கொடுக்கலாம், சீல் வைக்கவும் அதிகாரம் உண்டு. வங்கிக் கடனிலும் சிக்கல் வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன் வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கட்டடத்தைப் பார்ப்பார்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வரைபடம் காரணமாக இருப்பதில்லை. பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் இன்னொரு பெயர். பத்திரத்தில் 1,200 சதுர அடி, நில அளவை வரைபடத்தில் அதைவிடக் குறைவு. உட்பிரிவு இன்னும் ஆகவில்லை. இவற்றைச் சரிசெய்யத்தான் வாரக்கணக்கில் ஆகும், ஆகவே காண்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தாசில்தார் அலுவலக வேலையை முடித்துவிடுங்கள். மனை அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவில் இருந்தால் முதலில் வரன்முறை செய்தாக வேண்டும், அதாவது விதிப்படி மனைக்கு அங்கீகாரம் வாங்க வேண்டும். 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் வழி செய்கின்றன. 'எல்லோரும் கட்டியிருக்கிறார்கள்' என்று தரகர் சொல்வதை வைத்து மனையை வாங்கிவிடாதீர்கள்.

சுயசான்று வழியை அளவு பார்க்காமல் எடுப்பது

2024 ஜூலை முதல் சின்ன வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. திட்டம் தொடங்கியபோது வைத்த வரம்பு: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும், உயரம் 7 மீட்டருக்குள். முன்கூட்டிய ஆய்வு கிடையாது. நல்ல வசதிதான். ஆனால் சொன்னதெல்லாம் உண்மை என்ற பொறுப்பு முழுக்க உரிமையாளர் தலையில் விழுகிறது. விவரம் தவறாக இருந்தால் அனுமதி ரத்தாகும்.

அதிகம் தவறுவது உயரத்தில். அந்த 7 மீட்டர் என்பது ஏறக்குறைய 23 அடி. பேஸ்மென்ட் (தரைமட்டத்துக்கு மேல் எழுப்பும் பீடம்) 2 அடி, மாடிக்கு மாடி 10 அடி என்று வைத்தால் மொத்தம் 22 அடி, அதாவது 6.7 மீட்டர். கணக்குக்குள் நிற்கும். சாலை உயர்ந்துகொண்டே போகிறது என்று பேஸ்மென்ட்டை 3 அடியாக்கி, காற்றோட்டத்துக்காக மாடியைப் பத்தரை அடியாக்கினால் 24 அடி, 7.3 மீட்டர். இரண்டுமே நியாயமான ஆசைகள்தான், ஆனால் அந்த வீடு 7 மீட்டர் வரம்புக்குள் வராது. இந்தக் கூட்டலை வரைபடம் போடும் நாளிலேயே செய்யுங்கள்; தளம் போட்ட பிறகு உயரத்தைக் குறைக்க வழியில்லை. பின்னாளில் இரண்டாவது மாடி எடுக்கும் எண்ணம் இருந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள். அஸ்திவாரமும் தூணும் அதற்கேற்ப வேண்டும், அந்த மாடிக்கு அனுமதியும் தனியாக வாங்க வேண்டும்.

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். திட்டம் தொடங்கியபோது கோவை, மதுரை மாநகராட்சிகளுக்குச் சதுர அடிக்குச் சுமார் 88 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் 1,200 சதுர அடி வீட்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. 'அப்ரூவல் செலவு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று காண்ட்ராக்டர் சொன்னால், அரசுக் கட்டணம் எவ்வளவு, பொறியாளர் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். அரசுக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்தே இணையத்தில் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிக் கடைசியில் பேசுவது

பெரிய தொகைக்கு உலை வைக்கும் தவறு இதுதான். பொருளும் கூலியும் சேர்த்து எடுக்கும் ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 1,200 சதுர அடி, அடிக்கு 2,400 ரூபாய் என்றால் 28,80,000. 'வரி தனி' என்று ஒரு வரி இருந்துவிட்டால் அதன்மேல் 5,18,400 சேர்ந்து 33,98,400 ஆகிவிடும். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கட்டிய வரியைக் காண்ட்ராக்டர் உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ள முடியும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் விலை சொன்னாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய கொட்டேஷனைத் தூசி தட்டிக் கொடுத்தால் கவனியுங்கள்.

பொருளை நீங்களே வாங்கி, கூலிக்கு மட்டும் விட்டால், தனி வீட்டுக்கு அந்தக் கூலியின்மேல் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் ஒப்பந்தத்தில் 'கூலி மட்டும்' என்று தெளிவாக இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மணலோ ஜல்லியோ சேர்த்து இறக்கினால் அந்த விலக்கு நிற்காது.

புதிதாகத் தொழிலுக்கு வரும் காண்ட்ராக்டர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், பொருளோடு எடுக்கும் ஒரே ஒரு வீடே அதைத் தாண்டிவிடும். 50 லட்சத்துக்குள் இருப்பவர் 6 சதவீத இணக்க முறையில் (சிறு தொழில் செய்பவர்களுக்கான எளிய வரி முறை, காம்போசிஷன் ஸ்கீம்) சேரலாம். சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. அப்படிப்பட்டவர் பில்லில் 18 சதவீதம் போட்டால் கட்ட வேண்டாம். தமிழ்நாட்டுப் பதிவு எண் 15 இலக்கம், 33-இல் தொடங்கும், ஜி.எஸ்.டி. தளத்தில் தட்டிப் பார்த்தால் எந்த முறையில் பதிந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஓராண்டில் ஒரே காண்ட்ராக்டருக்கு 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால், சொந்த வீடாக இருந்தாலும் 2 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு அவருடைய பான் எண் தேவை. முதல் நாளே வாங்கி வையுங்கள்.

சதுர அடி விலைக்குள் என்ன இல்லை என்று கேட்காதது

ஒப்பந்தத்தில் 'சேர்ந்தது' பட்டியலைவிட 'சேராதது' பட்டியலே முக்கியம். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர்வெல், கேட், மழைநீர் சேகரிப்பு, நிரந்தர மின் இணைப்புக்கான கட்டணம் எல்லாம் பொதுவாக வெளியே நிற்கும். போர்ட்டிகோவுக்கும் ஹெட்ரூமுக்கும் (மொட்டை மாடியில் படிக்கட்டின் மேல் வரும் சிறு அறை) முழு விலையா, பாதி விலையா? இந்த ஒரு கேள்வியிலேயே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். அஸ்திவாரம் 5 அடி ஆழம் என்று விலை பேசியிருப்பார்கள். கரிசல் மண்ணாக இருந்தால் கெட்டித்தரை கிடைக்க இன்னும் கீழே போக வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் பில் வரும். மண் பரிசோதனையை முதலில் செய்து, அந்த ஆழத்துக்கே விலை கேளுங்கள்.

கட்டும்போது தற்காலிக மின் இணைப்பு தேவை. அதன் யூனிட் விலை வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். அந்த பில் யாருடையது என்று எழுதாத இடத்தில், அது கடைசியில் உரிமையாளரிடம்தான் வந்து சேரும்.

பணம் கொடுக்கும் தவணைகளைத் தேதியோடு கட்டாதீர்கள், வேலையோடு கட்டுங்கள்: பேஸ்மென்ட், லிண்டில் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), தளம், பூச்சு, டைல்ஸ் என்று. ஒவ்வொரு கட்டத்திலும் கொடுத்த பணம் முடிந்த வேலையைத் தாண்டக் கூடாது. தளம் போட்டு முடிப்பதற்குள் முக்கால்வாசிப் பணம் போய்விட்டால், பூச்சு வேலைக்கு ஆள் வருவது நின்றுவிடும். கடைசி 5 சதவீதத்தை, கழிவறைத் தரையிலும் மொட்டை மாடியிலும் தண்ணீர் தேக்கி ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதுங்கள்.