அழைப்பு வரட்டும், அப்புறம் படிக்கலாம்: விமானி இன்டர்வியூவில் சறுக்கும் இடங்கள்

ஏர்லைனுக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, "கூப்பிடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன். அழைப்பு வரும்போது கையில் ஒரு வாரம் இருந்தாலே பெரிது. அந்த ஒரு வாரத்தில் வானிலைப் பாடத்தை ஒருமுறை புரட்டலாம். ஆனால் இன்டர்வியூவில் ஆளைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரிசெய்ய முடியாத விஷயங்கள்.

முதலில் லாக்புக், அதாவது பறந்த நேரங்களைக் குறித்துவைக்கும் புத்தகம். என்னுடையதில் ஒரு பக்கத்தின் அடிக்கூட்டல் பிசகி, அந்தப் பிழை அடுத்து வந்த எல்லாப் பக்கங்களுக்கும் தொற்றியிருந்தது. விண்ணப்பத்தில் எழுதிய மணிக்கணக்கு ஒன்று, புத்தகத்தில் இருந்தது வேறொன்று. எதிரில் இருந்தவர் அதைச் சத்தமில்லாமல் கூட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லவில்லைதான். ஆனால் அதை அங்கே உட்கார்ந்து விளக்க வேண்டியதாகிவிட்டது. இப்போதே முதல் பக்கத்திலிருந்து கூட்டுங்கள். இரவு நேரம், இன்ஸ்ட்ருமென்ட் நேரம், கமாண்டராகப் பறந்த நேரம் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். திருத்த வேண்டியதை ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பக்கமே போக வேண்டாம். எண்களை மேல்நோக்கி "ரவுண்டு" செய்வது இன்னும் மோசம்.

அடுத்தது, கேள்வி-பதில் தொகுப்பை மனப்பாடம் செய்வது. முதல் கேள்விக்கு அது உதவும். அதோடு வரும் "ஏன்?" என்பதில்தான் மாட்டிக்கொள்வோம். வி1 என்றால் என்ன என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்: டேக்-ஆஃபை நிறுத்துவதானால் அதற்குள் முடிவெடுத்துவிட வேண்டிய வேகம். ஓடுபாதை நனைந்திருந்தால் வி1 கூடுமா, குறையுமா? பொதுவாகக் குறையும், நிற்க அதிக தூரம் வேண்டும், ஆகவே நிறுத்துவதானால் முன்னதாகவே முடிவெடுக்க வேண்டும். சரி, அதற்கு என்ன விலை? இன்ஜின் போன பிறகும் டேக்-ஆஃபைத் தொடர்ந்தால், ஓடுபாதை முடிவில் வழக்கமான 35 அடிக்குப் பதில் 15 அடி உயரமே கணக்கில் கிடைக்கும். இப்படி மூன்று படி இறங்கிப் பேச முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு: ஏர்பஸ் ஏ320-இன் ஹைட்ராலிக்ஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, பயிற்சியில் ஓட்டிய சின்ன விமானத்தை மறந்துவிடுவது. கார்புரேட்டர் வைத்த பழைய செஸ்னா 172-இல் எரிபொருள் இன்ஜினுக்கு எப்படி வருகிறது? இறக்கை மேலே இருப்பதால் புவியீர்ப்பிலேயே இறங்கி வருகிறது. நூறு மணி நேரம் ஓட்டிய விமானத்தில் இதைச் சொல்லத் தடுமாறினால், ஏ320 பற்றிச் சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மனக்கணக்கும் இப்படித்தான், ஒரு வாரத்தில் வராது. 36,000 அடியிலிருந்து 6,000 அடிக்கு இறங்க எத்தனை மைல் முன்னால் ஆரம்பிக்க வேண்டும்? இறங்க வேண்டியது 30 ஆயிரம் அடி. ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்று பெருக்கினால் 90 கடல் மைல். மூன்று டிகிரி சரிவில் தரைவேகம் 140 நாட் என்றால் இறங்கு வேகம்? பாதியைப் பத்தால் பெருக்கு: நிமிடத்துக்கு 700 அடி. பல் துலக்கும்போதுகூடப் போட்டுப் பழகலாம்.

"கேப்டனோடு கருத்து வேறுபட்ட ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள்" என்ற கேள்வி சம்பிரதாயத்துக்குக் கேட்பதல்ல. 1977-இல் டெனரிஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற சந்தேகத்தை காக்பிட்டிலேயே ஒருவர் வாய்விட்டுக் கேட்டார். ஆனாலும் டேக்-ஆஃப் நிற்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இதுதான். "அப்படி எதுவும் நடந்ததில்லை" என்பது மோசமான பதில். நீங்களே கதாநாயகனாக வரும் கதை அதைவிட மோசம். பயிற்றுநரோடு நடந்த சின்ன விஷயம் போதும்: என்ன பார்த்தீர்கள், என்ன சொன்னீர்கள், என்ன ஆனது. ஆனால் அந்த விவரம் நினைவில் நிற்காது. ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் இரண்டு வரி எழுதி வைத்தவரிடம்தான் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஏதாவது தேர்வில் தோற்றிருந்தால் மறைக்காதீர்கள். பயிற்சிப் பதிவுகளைக் கேட்டு வாங்க அவர்களுக்கு வழி உண்டு. தோற்றது பெரிய குற்றமல்ல. மறைத்தது தெரியவந்தால் கதை முடிந்தது.

சிமுலேட்டர் சோதனைக்கு முந்தைய நாள் மட்டும் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. பல மாதம் கையால் ஓட்டாதவருக்கு அதனால் பதற்றம்தான் கூடும். ஆட்டோபைலட்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று திரையில் காட்டும் ஃப்ளைட் டைரக்டரும் இல்லாமல் கருவிகளை மாறி மாறிப் பார்க்கும் பழக்கம் சிறுகச் சிறுகத்தான் திரும்ப வரும். இன்னொன்று, எல்லாவற்றையும் தனியாகவே செய்யப் பார்ப்பது. பக்கத்தில் இருப்பவரிடம் வேலையைக் கொடுங்கள், அதையும் கவனிக்கிறார்கள்.

முதல் வகுப்பு மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், ஆங்கிலத் தகுதி இவற்றின் காலாவதித் தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். சர்வதேசப் பறப்புக்கு, சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் ஆங்கில அளவுகோலில் நிலை 4 குறைந்தபட்சம். நிலை 6-க்குக் கீழே இருந்தால் அவ்வப்போது மறுதேர்வு உண்டு.

மிகவும் விரும்பும் நிறுவனத்தையே ஒத்திகையாக வைத்துக்கொள்ள வேண்டாம். தோற்றால் குறிப்பிட்ட காலம் கழியாமல் மறுபடி விண்ணப்பிக்கப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. ஒத்திகையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, பதிலை போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கூசும். என் பதிவில் ஐந்து நிமிடத்துக்குள் இருபதுக்கு மேல் "ஆக்சுவலி" இருந்தது.