முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஆவணப்படம் எடுங்கள்

நான் கல்யாண வீடியோ எடிட்டர். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியறையில் 14 வருஷமாக ஊரார் வீட்டுத் தாலிகட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தக் காசில் ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று யார் வந்து நின்றாலும், முதலில் தினசரிக் காலண்டரைத்தான் எடுத்து நீட்டுவேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கேமரா வாடகைக்கு விடுகிறவர்களிடம் எல்லாப் பெட்டியும் சும்மா கிடக்கும். வைகாசியில் நாளைக்கு 3,000 கேட்ட அதே கேமராவை ஆடியில் 1,500க்கு எடுத்தேன். ட்ரைபாடுக்குத் தனிக் காசு கேட்கவில்லை.

என் படம் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் நீர்பாய்ச்சியைப் பற்றியது. மடையைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, அறுப்பு முடிந்ததும் நெல்லாகக் கூலி வாங்குகிறவர். படம் 42 நிமிடம். மொத்தச் செலவு 74,000. ஆடியில் கண்மாய் வெடிப்பு விட்டுக் கிடக்கும், சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாவிட்டால் மார்கழியில் அதே கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாயும். வாடகை மலிந்த இரண்டு மாதமும் கதைக்கு வேண்டிய இரண்டு கோலமும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு விஷயத்தைத் தேடித்தான் பிடித்தேன்.

இன்னொன்று, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஆளாகப் பாருங்கள். "தம்பி, விடிய மடை திறக்கப் போறோம்" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் போன் பண்ணினால், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி விடிவதற்குள் கரையில் நிற்க முடிய வேண்டும். ராஜஸ்தானில் எடுக்கும் ஆசையை இரண்டாவது படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, காசை எதில் போடுவது? சத்தத்தில். கொஞ்சம் மங்கிய படத்தைச் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள்; பேச்சு புரியாத படத்தை ஐந்தாவது நிமிடத்தில் விட்டு எழுந்துவிடுவார்கள். கேமராவை வாடகைக்கு எடுத்த நான், சின்ன ரெக்கார்டரையும் காலர் மைக்கையும் 19,000 கொடுத்துச் சொந்தமாக வாங்கினேன். வாங்கிய மறுநாளே சிக்கல். காலர் மைக்கைக் குத்தக் காலர் வேண்டும். நம் நீர்பாய்ச்சித் தாத்தா சட்டையே போடமாட்டார். தோள் துண்டில் குத்தினால் அவர் ஒவ்வொரு முறை மண்வெட்டியை ஓங்கும்போதும் சரட் சரட்டென்று உரசல். மார்பில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிப் பார்த்தோம், பத்து நிமிட வேர்வையில் கழன்று வாய்க்காலில் விழப் பார்த்தது. கடைசியில் வழி சொன்னது அவர்தான். "தலையில செருகுப்பா, அது எங்க போகப்போகுது" என்றார். தலையில் துண்டால் கட்டியிருந்த உருமாவின் முன் மடிப்பில், நெற்றிக்கு மேலே மைக்கை வைத்து, ஒயரைப் பிடரி வழியாக இறக்கி, டிரான்ஸ்மிட்டரை இடுப்பு வேட்டியில் சொருகினேன். வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறவே இல்லை, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவாகக் கேட்டது. துணியே காற்றையும் தடுத்தது. படத்தில் நல்ல சத்தம் என்று யாராவது சொன்னால் அந்தப் பாராட்டு அந்த உருமாத் துண்டுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

மார்கழிக்கென்று ஒரு தொல்லை உண்டு. விடியற்காலை நாலரைக்கே கோயில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்துவிடும். பேச்சுக்குப் பின்னால் பாட்டு ஓடினால் இரண்டு நஷ்டம். நடுவில் ஒரு வாக்கியத்தை வெட்டினால் பாட்டு தாவும், வெட்டு பளிச்சென்று தெரியும். அப்புறம், யூடியூபில் ஏற்றினால் அதன் கன்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடித்து, உரிமைக்காரருக்குத் தகவல் போய்விடும். ஸ்பீக்கர் கட்டியிருக்கும் ரேடியோ செட்காரரை முதல் நாளே பார்த்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஆறிலிருந்து ஏழு வரை நிறுத்தச் சொல்லுங்கள். நான் படம் எடுத்த ஊரின் செட்காரர் நிறுத்தியதோடு, மைக்கைப் பற்றி எனக்கே இரண்டு யோசனை சொன்னார்.

போனில் எடுப்பவர்களுக்கு: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கு என்று பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கலாம். பெரும்பாலான போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துப் பதியும்; தனியாகப் பதிந்த சத்தம் போகப்போக உதட்டை விட்டு விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்குக்குப் போங்கள்.

அன்றன்று எடுத்ததை அன்றே இரண்டு ஹார்டு டிஸ்கில் போடுங்கள், இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. ஆடியில் எடுத்த இரண்டு நாள் வேலை எனக்குப் போயே போய்விட்டது. டிஸ்க் பஸ் படியில் விழுந்தது, அவ்வளவுதான். வெடித்த கண்மாயை மறுபடி எடுக்க அடுத்த ஆடி வரை காத்திருந்தேன். ஒப்புதலும் முதல் நாளே. எழுதிய தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, சம்மதம் என்று அவர் வாயால் சொல்வதைக் கேமராவிலும் பதிந்துகொள்ளுங்கள்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும், 4கே வரை வெளியே எடுக்கலாம். ஆங்கில சப்டைட்டிலைக் காசு கொடுத்துச் செய்தாலும் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். எனக்கு மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர்; "மறுகால் பாயுது" என்பதை இன்னொரு கால் தாவுகிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கண்மாய் நிறைந்து வழிவதைத்தான் தாத்தா சொல்கிறார் என்று விளக்க அரைநாள் ஆனது.

பெரும்பாலோர் கையைச் சுட்டுக்கொள்வது இதற்கு அப்புறம்தான். படம் முடியும்போது பையும் காலி. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கடைசி வரை தொடாதீர்கள். நான் 21,500தான் மிச்சம் வைத்திருந்தேன். சப்டைட்டில், சான்றிதழ், விழாக் கட்டணம், ஊர்த் திரையிடல் எல்லாம் அதற்குள் அடங்குவதற்குள் மூச்சு முட்டிவிட்டது.

பொது இடத்தில் படம் காட்ட 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இ-சினிபிரமான் தளத்தில் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வாங்கியபின் படத்தில் கை வைத்தால் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், படத்தில் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள். டீக்கடை பெஞ்சில் பார்த்த தாத்தா, மூன்றாவது மடையின் பேரை நான் தப்பாகப் போட்டிருப்பதைச் சொன்னார். திரையிடும் நாளில் சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும்.

விழாக்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தணிக்கை விலக்கு தருவது உண்டு. அதை விழா நடத்துகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். நம் மதுரையிலேயே மறுபக்கம் அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாடமியின் விழா 2008இல் தொடங்கியது. மும்பை சர்வதேச ஆவணப்பட விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் ஆயிரக்கணக்கான விழாக்கள் கடைவிரித்திருக்கும், பல டாலரில் கட்டணம் கேட்கும். எங்கே திரையிடுகிறார்கள், போன வருஷம் எந்தப் படங்கள் போட்டார்கள் என்று தெரியாத விழாவுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். சில விழாக்கள் இணையத்தில் வந்த படத்தை எடுப்பதில்லை. அதனால் யூடியூப் கடைசி. அதிலும் விளம்பரக் காசை நம்பாதீர்கள்; 1,000 சந்தாதாரரும் ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால்தான் அந்தக் கதவே திறக்கும். கல்லூரிகளிடம் திரையிடலுக்கு இவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் 3,000 கேட்பேன், பஸ் செலவு தனி. கண்மாய் மராமத்து வேலை செய்கிற தானம் அறக்கட்டளை மாதிரி அமைப்புகளின் கதவையும் தட்டலாம்.

ஊர்த் திரையிடலை ஊர்ப் பொது இடமான மந்தையில் வைத்தோம். இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்த திரை, வாடகைப் புரொஜெக்டர், அதே ரேடியோ செட்காரரின் ஸ்பீக்கர். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, அதனால் ஏழரைக்கே ஆரம்பித்துவிட்டோம். முடிந்ததும் பஸ் ஸ்டாப் செல்போன் கடைத் தம்பியிடம் படத்தைப் பென்டிரைவில் கொடுத்தேன். மெமரி கார்டில் ஏற்றித் தர ஆளுக்கு பத்து ரூபாய் வாங்குகிறான். எனக்குப் பங்கு வேண்டுமா என்று போன மாதம் கேட்டான். வேண்டாம், எத்தனை கார்டில் ஏற்றினாய் என்று மட்டும் நோட்டில் குறித்து வை என்றேன்.